கருப்பைவாய்ப் புற்றுநோய்: தடுப்பும் தமிழகச் சான்றும்

கருப்பையின் கீழ்முனையில் தோன்றும் இந்நோய், இந்தியப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் காணப்படுவது. 2022இல் ஏறத்தாழ 1,27,000 பேருக்குப் புதிதாக வந்தது. 80,000 பேர் வரை இறந்தனர். கருப்பைவாய்ப் புற்றுக்கு முதன்மைக் காரணம் உடலுறவு வழியே பரவும் எச்.பி.வி. வைரஸ். பெரும்பாலோரிடம் அது தானாக நீங்கிவிடும். சிலரிடம் தங்கிவிட்டால் புற்றாக முற்றப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் சோதித்து, புற்றுக்கு முந்தைய மாற்றத்தைக் கண்டு சிகிச்சை அளித்தால் நோயையே பெரும்பாலும் தவிர்க்கலாம். இதற்குப் பெரிய மருத்துவமனைதான் வேண்டும் என்பதில்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில் அம்பிளிக்கை மருத்துவ மையமும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் 2000இல் தொடங்கிய ஆய்வு இதற்குச் சான்று. பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலக் கரைசலைக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, விளக்கொளியில் பார்த்தனர். மாறிய திசு வெள்ளையாகத் தெரியும்; தேவைப்பட்டோருக்கு அதை உறையவைத்து அழித்தனர். 30 முதல் 59 வயதுவரை அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் சோதனைக்கு வந்தனர். சோதனை நடந்த ஊர்களில் நோய் 25 விழுக்காடும் மரணம் 35 விழுக்காடும் குறைந்ததாக 2007இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது.

மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் ஆய்வில் (2009) இதே சோதனை மரணத்தைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை, எச்.பி.வி. சோதனையே குறைத்தது என்று மறுப்பவர்கள் உண்டு. மறுப்பு நியாயமானது, கண்ணால் பார்க்கும் சோதனையின் பயன் பார்ப்பவரின் தேர்ச்சியைப் பொறுத்தது. அதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் இன்று எச்.பி.வி. சோதனையை முதன்மையாகப் பரிந்துரைக்கிறது. மாதிரியைப் பெண்ணே எடுத்துக்கொள்ளலாம் என்பதால் கூச்சமும் குறையும். தடுப்பூசி போதுமே என்பது அடுத்த மறுப்பு. 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாகப் போடத் தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் அறிவித்தது. ஆனால் அது அவர்களின் அம்மாக்களைக் காக்காது. எல்லா வைரஸ் வகைகளையும் தடுக்காது.

ஆகவே அரியலூர், பெரம்பலூர் போன்ற மாவட்டங்களின் கிராமங்களுக்கும் கேள்வி ஒன்றுதான்: முந்திரித் தோப்புக்கும் பருத்திக் காட்டுக்கும் போகும் பெண் ஒருநாள் கூலியை இழக்காமல் சோதனைக்கு வர முடியுமா? திண்டுக்கல்லில் புற்றுக்கு முந்தைய மாற்றம் கண்டறியப்பட்டோரில் சிகிச்சை பெற்றவர்கள் 72 விழுக்காட்டினரே. வராதவரையும் பாதியில் நின்றவரையும் வீடு தேடிப் போகும் கிராம சுகாதாரச் செவிலியர் இல்லாமல் எந்தச் சோதனையும் முழுப் பலன் தராது.