இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? கிண்டியில் பிறந்த ஒரு கணக்கு



போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். காலையில் அம்மா ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முந்தின நாள் மடவைக் குழம்பு கட்டித் தயிர் மாதிரி உறைந்திருந்தது. "எண்ணெய்டா அது" என்றார் அப்பா. முழுக்க எண்ணெய் இல்லை. மீனின் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் கொதியில் பிரிந்து ஜெலட்டின் ஆகிறது. ஆறியதும் அதுதான் உறைகிறது.

பி.காம். படிப்பவனுக்கு இது எதற்கு என்கிறீர்களா? இந்தக் கொலாஜனின் கதையில் ஒரு தணிக்கை வேலை இருக்கிறது. அதனால்தான் எனக்குப் பிடித்துப்போனது. கதை நடந்த இடமும் தூரத்தில் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. அமினோ அமிலங்களில் முக்கியமாக 20 வகை. சங்கிலியில் கோத்தபின் ஒவ்வொன்றையும் ஒரு கண்ணி என்று வைத்துக்கொள்வோம். (வலைக்கும் கண்ணி என்றுதானே சொல்கிறோம்!) இந்தச் சங்கிலி நீட்டிக்கொண்டு கிடப்பதில்லை. மடங்கி, முறுக்கி ஒரு வடிவம் எடுக்கிறது. அப்போது எந்தக் கண்ணி எந்தக் கண்ணிக்குப் பக்கத்தில் வருகிறது என்பதில்தான் புரதத்தின் வேலையே அடங்கியிருக்கிறது.

இனி கதைக்கு வருவோம்.

1952இல் ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக வந்தார். அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. பெங்களூரில் சர் சி.வி. ராமனின் மாணவர். அவரை அழைத்தவர் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார். அந்த ஆண்டு சென்னைக்கு வந்த இங்கிலாந்து விஞ்ஞானி ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்புக்கு இன்னும் யாரும் சரியான விடை சொல்லவில்லை என்றார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் அடையாறிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் என்றாலே பெரும்பாலும் கொலாஜன்தானே! கங்காரு வாலின் தசைநாரை எக்ஸ்ரேயில் எடுத்த படங்கள் அவருக்குக் கைகொடுத்தன.

கொலாஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. அதன் பக்கக்கிளை வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் 'நேச்சர்' இதழில் தங்கள் மாதிரியை வெளியிட்டார்கள். மூன்று சங்கிலிகள் அருகருகே ஓடுகின்றன. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது கண்ணி கிளைசின், அது நடுப்பக்கம் பார்த்து நிற்கிறது. நடுவில் வேறெதற்கும் இடம் இல்லை. 1955இல் அந்த மூன்றையும் கயிறு போல ஒன்றோடொன்று முறுக்கிக் காட்டினார்கள்.

இங்கேதான் பிரச்சினை வந்தது. அதே 1955இல் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் தங்கள் மாதிரியை வெளியிட்டார்கள். ஆம், டி.என்.ஏ. புகழ் கிரிக்தான். சென்னை மாதிரியில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் வைத்த குறை.

கேம்பிரிட்ஜிலிருந்து வந்த குறை. சென்னையிலோ வசதி குறைவு. வேறொருவராக இருந்தால் கோபித்திருப்பார், அல்லது பேசாமல் விட்டிருப்பார். ராமச்சந்திரன் ஒரு கேள்வி கேட்டார். நெருங்கக்கூடாது என்கிறீர்களே, எவ்வளவு வரை நெருங்கலாம்? அந்த அளவை முடிவு செய்தது யார்?

அதற்கு யாரிடமும் தெளிவான பதில் இல்லை. ஆகவே அவரும் மாணவர்களும் பழைய 'வவுச்சர்'களைப் புரட்டினார்கள். அதாவது, அதுவரை வெளியான அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள் போன்றவற்றின் படிக அமைப்புகளை எடுத்து, நேரடியாகப் பிணைக்கப்படாத இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று பார்த்தார்கள். ஒவ்வொரு அணு ஜோடிக்கும் இரண்டு வரம்புகள் கிடைத்தன. ஒன்று வழக்கமான எல்லை. மற்றது அபூர்வமாகத் தொடும் கடைசி எல்லை. இரண்டு கார்பன்களுக்கு 3.2 ஆங்ஸ்ட்ராம், கடைசி எல்லை 3.0. இரண்டு ஹைட்ரஜன்களுக்கு 2.0, கடைசி எல்லை 1.9. (ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்.)

இந்தப் பட்டியல் கைக்கு வந்ததும் கேள்வி பெரிதானது. கொலாஜன் மட்டும் ஏன்? எந்தப் புரதச் சங்கிலியும் எப்படியெல்லாம் திரும்பலாம்? சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் திரும்பக்கூடிய கோணங்கள் இரண்டு: ஃபை, சை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அணுக்கள் முட்டிக்கொள்கின்றனவா என்று கணக்கிட வேண்டும். மேசைக் கணக்கு இயந்திரத்தில் போட்ட கணக்கு அது. முட்டாத இடங்களைக் கட்டத்தில் குறித்தால் ஒரு வரைபடம் வந்தது. கிளைசின் அல்லாத சாதாரணக் கண்ணிக்கு மொத்தக் கட்டத்தில் கால்வாசிகூட அனுமதி இல்லை. குட்டியான கிளைசினுக்கு மட்டும் சலுகை அதிகம்.

1963இல் இது வெளியானது. எழுதியவர்கள் மூன்று பேர்: ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். உலகம் இதை 'ராமச்சந்திரன் வரைபடம்' என்கிறது. மற்ற இரண்டு பெயர்களையும் நாமாவது சேர்த்துச் சொல்வோமே. அணு அளவில் தெரிந்திருந்த புரதங்கள் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவை. இன்று உலகப் புரதத் தரவு வங்கியில் 2 லட்சத்துக்கு மேல் உள்ளன. புதிதாக ஒரு புரத அமைப்பைக் கண்டுபிடித்தால் அது சரியா என்று இன்றும் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். கொலாஜன் விவாதத்தில் சென்னை முழுக்க ஜெயித்துவிடவில்லை. மூன்று கண்ணிக்கு நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு ஒன்றுதான் என்ற ரிச்-கிரிக் கருத்துதான் நின்றது. ஆனால் மூன்று சங்கிலி முறுக்கும், நடுவில் கிளைசினும் சென்னை சொன்னதுதான். அந்தக் கிளைசின் இடத்தில் வேறு அமினோ அமிலம் வந்துவிட்டால், குழந்தைகளுக்குத் தொட்டாலே எலும்பு உடையும் பிறவி நோய் வரலாம். கொஞ்சம் இடம் போதாததற்கு இவ்வளவு பெரிய விலை!

இந்த மரபு கிண்டியோடு நிற்கவில்லை. 1980இல் திருச்சியில் பி.கே. பொன்னுசாமி குழுவினர், மடங்கிய புரதத்தில் ஒவ்வொரு கண்ணியைச் சுற்றியும் 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணினார்கள். அங்கே படித்த மைக்கேல் குரோமிகா, செல்வராஜுடன் சேர்ந்து 2001இல் இன்னொன்றைக் காட்டினார். சங்கிலியில் தூரமாக இருந்தும் மடங்கியபின் அருகில் வரும் ஜோடிகளின் எண்ணிக்கைக்கும், புரதம் மடங்கும் வேகத்துக்கும் தொடர்பு உண்டு. 2018இல் வந்த ஆல்ஃபாஃபோல்டின் முதல் வடிவமும் கண்ணிகளுக்கு இடையேயான தூரங்களைக் கணிப்பதில்தான் தொடங்கியது. 2024இல் அந்தத் துறைக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. ராமச்சந்திரன் 2001இலேயே மறைந்துவிட்டார். அவருக்கு நோபல் கிடைக்கவே இல்லை.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அதுங்களுக்கும் பாடு இருக்குன்னு சொல்லு" என்றார். :-)

வெளியூர் நண்பர்களுக்காக: எங்கள் ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வதற்குப் பாடு என்று பெயர். வலையோடு வலை பின்னிக்கொண்டால் இரண்டு பேருக்குமே நஷ்டம். எவ்வளவு நெருங்கலாம் என்பதை ஊர் பேசி முடிவு செய்து வைத்திருக்கிறது. அணுக்களுக்கு அந்த எல்லையை யாரும் எழுதி வைக்கவில்லை. குறை சொன்னவர்மேல் கோபப்படாமல் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்த மூன்று பேர் அதைக் கிண்டியில் எழுதினார்கள்.

குழம்பைச் சூடாக்கினோம், திரும்பத் தண்ணியாகிவிட்டது. சாப்பிட்டுவிட்டுப் பொன்னேரி பஸ் பிடித்தேன். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்!