'நேரே வருதல்': ஒரு சட்டத் தொடரின் உரை வரலாறு

நூற்பா ஒன்றாயிருப்ப உரை பலவாதல் தமிழிலக்கண வரலாற்றில் நாம் நன்கறிந்த செய்தியே. சட்ட நூல்களுக்கும் அது பொருந்தும்; ஆயின், ஆண்டு உரை வேறுபடின் ஒருவர் சிறை புகவும் நேரும். அகதிகள் உடன்படிக்கையின் 31-ஆம் விதியிலுள்ள 'நேரே வருதல்' என்னும் தொடர் இங்கிலாந்தில் பெற்ற பொருள்களை ஈண்டு ஆராய்வோம்.

1951 ஜூலை 28-இல் செனீவாவில் உருவான அவ்வுடன்படிக்கை 1954-இல் நடைமுறைக்கு வந்தது. அரசுக்கு அஞ்சி ஓடுவோர் அவ்வரசிடமே கடவுச்சீட்டுப் பெறுதல் அரிது. ஆதலின், இசைவின்றி நுழைந்தமைக்காக அவர்களைத் தண்டித்தலாகாது என அவ்விதி கூறுகின்றது. அதற்கு நிபந்தனைகள் மூன்று: இடர் நிலவிய நாட்டிலிருந்து நேரே வந்திருத்தல், காலந்தாழ்த்தாது அதிகாரிகள்முன் தோன்றுதல், இசைவின்றி வந்தமைக்குத் தக்க காரணம் காட்டுதல்.

1990-களில் பொய்ச்சீட்டுடன் பிடிபட்ட அகதிகள்மீது இங்கிலாந்தில் வழக்குத் தொடுத்தோர் இவ்விதியைக் கருதினாரல்லர். 1999 ஜூலையில், ஆதிமி வழக்கில், நீதிபதி சைமன் பிரவுன் இதற்கு விரிந்த பொருள் கண்டார். வழியிடை நாட்டில் சிறிது தங்கியதனாலேயே பாதுகாப்பு அற்றுப்போகாது. எந்நாட்டில் புகலிடம் கேட்பது என்பதில் அகதிக்கு ஓரளவு தெரிவுரிமை உண்டு. தங்கிய காலமும் காரணமும் நோக்கப்படல் வேண்டும் என்றார்.

அவ்வாண்டு நவம்பரில் எழுந்த குடியேற்ற, புகலிடச் சட்டம், தன் 31-ஆம் பிரிவில், இப்பாதுகாப்பைக் குற்ற வழக்கில் எதிர்வாதமாக ஏற்றது. எனினும், இடைநாட்டில் நின்றவர் ஆண்டுப் பாதுகாப்பை எதிர்பார்த்திருக்க இயலாது எனக் காட்டுதல் வேண்டும் என்றது. எதிர்வாதம் செல்லும் குற்றங்களையும் பட்டியலிட்டது. நீதிமன்றம் விரித்ததைச் சட்டம் சுருக்கிற்று.

சுருக்கியதன் விளைவை 2008-ஆம் ஆண்டு வழக்கொன்று காட்டும். பொய்ச்சீட்டுடன் இலண்டனிலிருந்து அமெரிக்கா செல்ல முயன்ற எத்தியோப்பியப் பெண் ஒருவர்மீது, ஒரே செயலுக்காக இரு குற்றங்கள் சாட்டப்பெற்றன. பட்டியலிலிருந்த குற்றத்தினின்று விடுபட்ட அவருக்கு, பட்டியலில் இல்லாத மற்றொன்றிற்காக ஒன்பது திங்கள் சிறை விதிக்கப்பட்டது. பிரபுக்கள் சபை நீதிபதிகள் ஐவருள் மூவர், உடன்படிக்கையின் நோக்கம் தழுவி உரை கண்டு, அத்தண்டனையை நீக்கினர். 2013-இல் மற்றொரு குறை வெளிப்பட்டது. இவ்வெதிர்வாதம் உண்டெனத் தம் வழக்கறிஞர்கள் அறிவியாமையால் குற்றத்தை ஒப்புக்கொண்ட சிலரின் தண்டனைகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது.

2022-ஆம் ஆண்டுச் சட்டமோ, முன்னிசைவு வேண்டியவர் அஃதின்றி வந்து சேர்தலையே நான்காண்டு வரை சிறைக்குரிய புதிய குற்றமாக்கியது. இப்புதுக் குற்றம் 1999-இன் பட்டியலில் இடம்பெறவில்லை. இடைநாட்டில் நின்றவர், ஆண்டுப் புகலிடம் கேட்டிருத்தல் எதிர்பார்க்கத்தக்கதன்று எனக் காட்டினாலன்றி, நேரே வந்தவராகார் என்றும் அச்சட்டம் வரையறுத்தது.

1951-இன் சொல் இன்றும் அதுவே, உரைகளே மாறின. ஒரு சொல்லை அஃது எழுந்த நோக்கத்தோடு இயைத்துக் காண்டல் நல்லுரையின் நெறி. ஓடுவோரின் வழி பெரும்பாலும் நேர்வழியாய் இராது என்பதை உணர்ந்த ஆதிமி வழக்கின் உரையே விதியின் கருத்தொடு பொருந்துவது என்பது எமது துணிபு.