சீப்பு நிறைய முடி... கொட்டுதா, உடையுதா? வறண்ட கூந்தலுக்கு எந்த சீப்பு, எந்த பிரஷ் சரி?

தலை சீவி முடித்ததும் சீப்பில் சுருண்டு கிடக்கும் முடியைப் பார்த்து, "ஐயோ, இப்படி கொட்டுதே" என்று புலம்பாத வீடு குறைவு. உடனே எண்ணெயை மாத்து, ஷாம்பூவை மாத்து என்று செலவு ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் ஒரு நிமிஷம், அந்த முடியை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்.

முழு நீளமாக இருந்து, ஒரு முனையில் வெள்ளையாக சின்ன குமிழ் போல இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்த முடி. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு என்கிறார்கள் தோல் மருத்துவர்கள். குமிழ் இல்லாமல் குட்டை குட்டையாக, துண்டு துண்டாக இருந்தால் அது கொட்டியது இல்லை, நடுவில் உடைந்தது. வறண்ட கூந்தலில் இது அதிகம் நடக்கும். இதற்கு விலை உயர்ந்த எண்ணெய் தேவையில்லை. சீப்பையும் சீவும் விதத்தையும் மாற்றிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

ஏன் உடைகிறது?

ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி, முடியின் மேல்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய செதில்களால் ஆனது. தலையில் சுரக்கும் எண்ணெய்ப்பசை அதன்மேல் படிந்திருந்தால் சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். டை, ஸ்ட்ரெய்ட்னிங், டிரையர் சூடு, வெயில் எல்லாம் அந்தச் செதில்களைத் தூக்கிவிடும். அப்புறம் முடியோடு முடி மாட்டி சிக்கு விழும்.

நுனிதான் முதலில் உடையும், அதற்கும் காரணம் இருக்கிறது. முடி மாதத்துக்கு சுமார் அரை அங்குலம் வளர்கிறது. அப்படியென்றால் 2 அடி கூந்தலின் நுனிக்கு வயது கிட்டத்தட்ட 4 வருஷம். அத்தனை வருஷ வெயிலும் தேய்ப்பும் பட்ட இடம் அது. சுருட்டை முடியில் எண்ணெய்ப்பசை வளைவுகளைத் தாண்டி நுனிவரை இறங்குவதும் கஷ்டம்.

என்ன வாங்கலாம்?

ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால், பல் அகலமாக உள்ள பெரிய சீப்பு. சிக்கெடுக்க அதுதான் சரி. மலிவான பிளாஸ்டிக் சீப்புகளில் பல்லின் ஓரத்தில் அச்சு சேர்ந்த இடம் கோடு மாதிரி துருத்திக்கொண்டு இருக்கும். கடையிலேயே விரல் நகத்தால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். நகத்தில் தட்டுவது முடியிலும் தட்டும். மரச்சீப்பில் அந்தக் கோடு இருக்காது. பிளாஸ்டிக் மாதிரி முடியைப் பறக்க வைக்கவும் செய்யாது. ஆனால் தண்ணீரில் ஊற வைத்தால் வெடித்துவிடும்.

பிரஷ்தான் பிடிக்கும் என்பவர்கள், அடியில் மெத்தென்ற ரப்பர் உள்ள தட்டையான பிரஷ் வாங்கலாம். சிக்கில் மாட்டினால் பற்கள் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பல் நுனியில் உள்ள சின்ன உருண்டைகள் உதிர்ந்துவிட்டால் அந்த பிரஷை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள், தலையைக் கீறும். பன்றி முடியில் செய்த பிரஷ் வேறு வேலைக்கு. சிக்கெடுத்த பிறகு வேரில் உள்ள எண்ணெய்ப்பசையை நுனிவரை பரப்பத்தான் அது. சிக்கோடு இருக்கும் முடியில் அதைப் போட்டால் இன்னும் முடிச்சு விழும். உலோக உருளை பிரஷ், டிரையர் சூட்டில் தானும் சூடாகிவிடும் என்பதால் வறண்ட முடிக்கு வேண்டாம்.

எப்படி சீவுவது?

உச்சியிலிருந்து ஒரே இழுவையாக இழுப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. வழியில் உள்ள சிக்கெல்லாம் கீழே சேர்ந்து ஒரே முடிச்சாகிவிடும். நுனியிலிருந்து நாலு விரல் அளவு முதலில் சீவி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். சிக்குக்கு மேலே முடியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் வேர் இழுபடாது. ஆரம்பிக்கும் முன் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நுனியில் தடவினால் சீப்பு மாட்டாமல் போகும்.

ஈரமான முடி ரப்பர் மாதிரி நீளும், ஆனால் பலம் குறைவு. அதனால் நேர் முடி, லேசான அலை முடி உள்ளவர்கள் ஓரளவு காய்ந்த பிறகே சீவ வேண்டும். சுருட்டை முடிக்கு நேர் எதிர்: காய்ந்த பிறகு சீவினால்தான் உடையும். கண்டிஷனர் போட்டு, ஈரமாக இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்துவிட வேண்டும். குளித்ததும் குனிந்து துண்டால் பட் பட்டென்று அடித்து உலர்த்தும் பழக்கமும் வேண்டாம். பழைய காட்டன் துணியால் ஒற்றி எடுத்தாலே போதும்.

தினமும் 100 தடவை சீவினால் முடி அடர்த்தியாகும் என்பது வெறும் நம்பிக்கை. வறண்ட முடியில் உராய்வுதான் கூடும்.

வாரம் ஒருமுறை சீப்பில் சிக்கிய முடியை எடுத்துவிட்டு ஷாம்பூ தண்ணீரில் கழுவுங்கள். மரச்சீப்பை ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஆளுக்கொரு சீப்பு இருப்பது நல்லது. பேன் மட்டுமல்ல, தலையில் வரும் படையும் சீப்பு வழியே பரவும். முடி குமிழோடு கொத்து கொத்தாக வந்தாலோ, தலையில் வட்டமாக சொட்டை தெரிந்தாலோ சீப்பை மாற்றிக்கொண்டு இருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.