குஞ்சரமல்லன்: ஒரு பட்டத்தின் பின்னே மறைந்த பெயர்

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்ற வினாவுக்குப் பலரும் இன்று 'ராஜராஜப் பெருந்தச்சன்' என விடை கூறுகின்றனர். அஃது இயற்பெயரன்று, அரசன் பெயரால் அமைந்த பட்டம். கோயிற் கல்வெட்டு முழுவடிவத்தைத் தருகிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன்.

இத்தொடரில் 'ஆன' என்னும் சொல்லே திறவுகோல். அதற்கு முன் நிற்பது இயற்பெயர். பின் நிற்பது பட்டம். அக்கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்த சேனாபதியும் 'கிருஷ்ணன் ராமனான மும்முடிச்சோழ பிரம்மமாராயன்' என்றே குறிக்கப்படுகிறார். சேனாபதிக்கும் தச்சருக்கும் சோழர் அரசவை ஒரே பெயரமைப்பை வழங்கியுள்ளது. கைவினைஞர் பெற்றிருந்த மதிப்பை ஆராய்வோர் இந்த இலக்கணச் சான்றைப் புறக்கணித்தல் ஆகாது.

'தச்சன்' என்பது இன்று மரவேலை செய்பவரையே சுட்டுகிறது. 'கல்தச்சர்' என்னும் வழக்கோ, கல்லில் பணிபுரிவோரும் அச்சொல்லுள் அடங்கியதைக் காட்டும். 'பெரு' என்னும் அடை தலைமையை உணர்த்துகிறது. அத்தலைமையும் ஒருவருக்கே உரியதாக இல்லை. மதுராந்தகனான நித்தவினோதப் பெருந்தச்சன், இலத்தி சடையனான கண்டராதித்தப் பெருந்தச்சன் என மேலும் இருவர் அங்கே குறிக்கப்படுகின்றனர். 1010இல் நிறைவுற்ற அப்பெரும்பணியைத் தனியொருவரின் படைப்பாகக் கூறும் இன்றைய வழக்கிற்கு இது பொருந்தாது.

ஓர் ஒப்பீடு இங்கே உதவும். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடமிருந்து தரங்கம்பாடியில் வணிக உரிமை பெற்ற டேனிஷ் அரசர் நான்காம் கிறிஸ்டியன். அவருடைய அரசவைக் கட்டடக் கலைஞரும் சிற்பியுமான இளைய ஹான்ஸ் வான் ஸ்டீன்விங்கெல் 1587இல் பிறந்து 1639இல் மறைந்தார். அவர் தந்தையும் அதே தொழிலினர். தமையன் லோரன்ஸும் அவ்வாறே. கோபன்ஹேகன் வட்டக் கோபுரத்தில் அரசரின் பெயர்ச்சின்னம் பொறிக்கப்பட்டிருப்பினும், அதன் பணியோடு தொடர்புடைய ஸ்டீன்விங்கெலின் பெயர் அவருடையதாகவே நிலைத்தது. அங்கே அரசன் தன் பெயரைக் கட்டடத்தின்மேல் பொறித்தான். தஞ்சையிலோ கட்டியவர்மீதே பொறித்தான். குஞ்சரமல்லனின் பிறப்பும் இறப்பும் நமக்குக் கிட்டவில்லை. எஞ்சியது 'ஆன' என்பதற்கு முன் நிற்கும் பெயர் ஒன்றே.

மலையாள மரபில் 'பெருந்தச்சன்' என்னும் தொன்மக் கதைமாந்தருக்குப் பட்டமே பெயராகிவிட்டது. தஞ்சையில் அந்நிலை நேர வேண்டியதில்லை. பெயர் கல்லில் இருக்கிறது. ஆகவே ஆய்வேடுகளிலும் வகுப்புகளிலும் பட்டத்தை மட்டும் எழுதாது, குஞ்சரமல்லன் என்னும் பெயரையும் சேர்த்தே எழுதுமாறு மாணவ நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

காட்கோபர், மும்பை