நாவும் நலமும்: திருகோணமலைத் துறைமுகம் கூறும் உணவு வரலாறு

திருகோணமலையின் வரலாற்றை எழுதுவோர் கோணேசர் ஆலயத்தையும், கோட்டையையும், ஆழம் மிக்க துறைமுகத்தையும், அதனைக் கைப்பற்றுதற்கு ஐரோப்பியர் ஒருவரோடொருவர் பொருத போர்களையும் விரித்துரைப்பர். அப்போர்களுக்கு வந்தோர் எதனை உண்டனர், இம்மண்ணில் வாழ்ந்தோர் எதனை உண்டனர் என்று வினவுவோர் மிகச் சிலரே. ஆயினும் கப்பற்படைகளின் வலிமையைப் பீரங்கியைப் போலவே உணவும் நிருணயித்தது என்பதை வரலாறு காட்டும். நலந்தரும் உணவு சுவையற்றது என்றும், சுவையான உணவு நலத்துக்கு ஊறு செய்வது என்றும் ஓர் எண்ணம் இன்று பலரிடத்து வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதை, இத்துறைமுகத்தோடு தொடர்புடைய சில நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாய்க்கப்பற் காலத்தில், உப்பிட்ட இறைச்சியையும் காய்ந்த பிஸ்கோத்தையும் பல மாதம் உண்டு வந்த கப்பலாட்களை ஸ்கர்வி என்னும் நோய் பற்றியது. ஈறு வீங்கிக் குருதி கசியும். ஆறிய புண்கள் மீண்டும் வாய்திறக்கும். ஈற்றில் உயிரும் போகும். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கடற்படை வைத்தியர், சோல்ஸ்பரி என்னும் கப்பலில் நோயுற்ற பன்னிருவரை இவ்விருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் உண்ட இருவரே விரைந்து தேறினர். 1753-ல் அவர் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். எனினும் நாற்பது ஆண்டுகள் வரை கடற்படை அதனை முறையாக மேற்கொள்ளவில்லை.

இந்நிலையை மாற்றிய பயணங்களுள் ஒன்று நம் துறைமுகத்தோடு நெருங்கிய தொடர்புடையது. 1794 ஏப்ரிலில் பீற்றர் ரெய்னியர் என்பாரின் தலைமைக் கப்பலாகிய சபோக், இங்கிலாந்தினின்றும் சென்னைக்குப் புறப்பட்டது. இருபத்து மூன்று வாரங்கள் அக்கப்பல் எத்துறையையும் சாரவில்லை. புத்துணவு எதனையும் ஏற்றவில்லை. ஆயினும், நாள்தோறும் ஆளொருவருக்கு ஓர் அவுன்சில் மூன்றில் இரு பங்கு எலுமிச்சைச் சாறும், இரண்டு அவுன்சு சர்க்கரையும் அளந்து கொடுக்கப்பட்டன. இடையில் ஒரு சிலரிடம் நோய்க்குறி தோன்றியபோது சாற்றின் அளவு கூட்டப்பட்டது, நோய் நீங்கிற்று. செப்டெம்பரில் சென்னையை அடைந்தபோது ஸ்கர்வியால் இறந்தவர் எவருமிலர். மறு ஆண்டு, 1795 ஆகஸ்டில், இதே சபோக் கப்பலிலிருந்தவாறு ரெய்னியர் கடற்படையை நடத்த, கேணல் ஸ்ருவாட் தரைப்படையை நடத்த, ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலைக் கோட்டை ஆங்கிலேயர் கைப்பட்டது. எலுமிச்சைச் சாறு கடற்படையின் பொது வழக்காகத் தொடங்கியதும் அவ்வாண்டளவிலேயே.

இங்கே ஒன்றனை உற்று நோக்குதல் வேண்டும். அச்சாறு கப்பலாட்களுக்குத் தனி மருந்தாகக் கொடுக்கப்படவில்லை. அவர்கள் நாள்தோறும் ஆவலோடு எதிர்பார்த்திருந்த சாராயக் கலவையிலேயே சர்க்கரையோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டது. சாராயத்தை நாம் போற்றவில்லை. அம்முறையின் நுட்பத்தையே சுட்டுகின்றோம். இதற்கு முன்னரும் 1768 முதல் 1771 வரை நிகழ்ந்த தம் முதற் பெரும் பயணத்தில் கப்டன் குக் இத்தகைய அறிவைக் காட்டினார். புளிக்கவைத்த கோவாவை உண்ண அவருடைய ஆட்கள் முதலில் மறுத்தனர். அவர் அவர்களை வற்புறுத்தாது, அதனை அதிகாரிகளின் மேசையில் நாள்தோறும் பரிமாறச் செய்தார். மேலோர் விரும்பி உண்பதைக் கண்ட ஆட்கள் தாமும் வேண்டினர். பின்னர் பங்கிட்டுக் கொடுக்கவேண்டிய நிலை வந்தது. ஆணையால் இயலாததை விருப்பம் முடித்தது.

கடலினின்றும் கரைக்கு வருவோம். பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில், இலங்கையிலிருந்த படையினரைப் பெரிபெரி என்னும் நோய் வருத்திற்று. கால் மரத்து வீங்கும், நடை தளரும், இதயம் சோரும். அக்காலத்தில் இங்கு பணியாற்றிய வைத்தியர் தோமஸ் கிறிஸ்டி இந்நோயைப் பற்றி எழுதியுள்ளார். அதன் பெயரே சிங்களச் சொல்லினின்றும் பிறந்தது என அகராதிகள் பல கூறும். காரணம் மட்டும் நெடுங்காலம் புலப்படவில்லை. 1890-களில் யாவாத் தீவின் பத்தாவியாவில் எய்க்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், நன்றாகத் தீட்டிய வெள்ளையரிசி உண்ட கோழிகள் இத்தகைய நோயுற்றதையும், தவிடு நீங்காத அரிசி உண்டபோது தேறியதையும் கண்டார். 1929-ல் அவருக்கு நோபல் பரிசின் ஒரு பகுதி கிடைத்தது. நலிவுக்குக் காரணம் தவிட்டோடு நீக்கப்பட்ட உயிர்ச்சத்தின் குறைவே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இவ்வாராய்ச்சியில் தமிழருக்கும் ஓர் இடமுண்டு. மலாயாவில் பணியாற்றிய வைத்தியர் பிராடன், வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் பெரிதும் மடிய, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பியதைக் கண்டு, 1907-ல் நூல் எழுதினார். அவ்வாண்டிலேயே வைத்தியர் பிளெச்சர், கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் ஒரு சாராருக்குப் பச்சரிசியும் மற்றொரு சாராருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துக் கண்ட முடிவை வெளியிட்டார். பச்சரிசி உண்டோருள் பலர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோர் ஏறக்குறைய முற்றும் தப்பினர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி அரிசியினுள்ளே சென்று தங்குகின்றது. பின்னர்த் தீட்டினும் அது முற்றாக நீங்குவதில்லை. நம் முன்னோர் இதனை மருத்துவமாகக் கருதிச் செய்தாரல்லர். உமி எளிதில் நீங்கும், அரிசி உடையாது, நெடுநாள் இருக்கும், சோறு சுவைக்கும் என்பனவே அவர் கண்ட பயன்கள். சுவைக்காகக் கைக்கொண்ட வழக்கம் உயிரையும் காத்தது.

நம் மாவட்டம் நெல்லுக்குப் பேர்போனது. கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் தம்பலகாமத்து வயல்கள் பழம்பெருமை வாய்ந்தன. அத்தகைய மாவட்டத்தின் உணவும் பிறநாட்டுக் கப்பலையே நம்பும் நிலை பின்னர் வந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் யப்பானியர் வசமாகவே, பர்மாவிலிருந்து இலங்கைக்கு வந்த அரிசி நின்றது. அடுத்த மாதம் 9-ஆந் தேதி திருகோணமலைத் துறைமுகமே குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. பங்கீட்டு அரிசி போதாமையால் நாடெங்கும் மக்கள் குரக்கன், மரவள்ளி, கோதுமைமா ஆகியவற்றை உண்டனர். போர் முடிந்தபின் குரக்கனும் மரவள்ளியும் பஞ்சகால உணவென்று பலரால் ஒதுக்கப்பட்டன. சத்துமிக்க குரக்கன் நலக்குறைவால் ஒதுக்கப்படவில்லை. வற்புறுத்தலின் நினைவாலேயே ஒதுக்கப்பட்டது. கோதுமைமாவோ பாணாகவும் பிட்டாகவும் ரொட்டியாகவும் நாவிற்கு இனிதாக நிலைத்தது. 1980-ல் துறைமுகக் கரையிலேயே பிறிமா மா ஆலை இயங்கத் தொடங்கியது. நாட்டில் விளையாத கோதுமை இவ்வூர் வழியாக நாடு முழுவதற்கும் மாவாகச் சென்றது.

முற்காலத்து நோய்கள் குறைவால் வந்தவை. இக்காலத்து நோய்கள் பெரும்பாலும் மிகையால் வருபவை. 2005, 2006-ஆம் ஆண்டுகளில் இலங்கையின் ஏழு மாகாணங்களில் நடந்த ஆய்வு, வளர்ந்தோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. போர்ச் சூழலால் வட மாகாணமும் நம் கிழக்கு மாகாணமும் அக்கணக்கில் இடம்பெறவில்லை. எண்ணப்படாமையால் நோய் இல்லையென்றாகாது. இதற்குப் புழுங்கலரிசி மட்டும் மருந்தாகாது; சோற்றின் அளவும் குறைதல் வேண்டும். ஆயினும் முன்னைய நிகழ்ச்சிகள் காட்டும் வழி இதற்கும் பொருந்தும். விலக்குகளை மட்டும் அடுக்கும் அறிவுரை சில நாளில் மறக்கப்படும். விருப்பத்தோடு இணைந்த மாற்றமே வழக்கமாகும்.

அத்தகைய மாற்றத்துக்கு நம் அடுக்களையிலேயே இடமுண்டு. வெள்ளைமாப் பிட்டுக்கு மாறாகத் தவிடு நீங்காச் சிவப்பரிசிமாப் பிட்டும் குரக்கன் பிட்டும், புதிதாகப் பிடித்த மீன்குழம்போடு குறைந்த சுவையினவல்ல. நண்டுக்கறியில் முருங்கையிலை இடுவது மணத்துக்காகவே; அக்கீரையின் சத்து உடன் வருகின்றது. சொதியை அடுப்பினின்றும் இறக்கியபின் தேசிப்புளி விடுகின்றோம். கொதிக்கையில் விட்டால் கைக்கும் என்பது நாம் கூறும் காரணம். சபோக் கப்பலோரைக் காத்த அச்சத்து வெப்பத்தால் அழியும் என்பது அறிவியல் கூறும் காரணம். இரண்டும் ஒரு வழக்கத்திலே ஒன்றுபடுகின்றன. தட்டில் மீனும் கீரையும் காய்கறியும் பெருகினால், சோறு தானே சுருங்கும். உண்பவர் இழந்ததாக உணரார்.

ஆதலின் நாவை நலத்தின் பகையாகக் கொள்ளுதல் வரலாற்றோடு பொருந்தாது. உணவைத் திருத்த விரும்பும் ஆசிரியரும் பெற்றோரும் இளைஞரும் தண்டனைபோலத் தொடங்காது, தம் வீட்டார் விரும்பி உண்ணும் ஒரு கறியிலிருந்து தொடங்குவாராக. அங்ஙனம் தொடங்கும் மாற்றம் ஒரு தலைமுறையோடு நில்லாது, அடுத்த தலைமுறையின் வழக்கமாகவும் அமையும்.