மூர் மார்க்கெட்டிலிருந்து 'கிரேடு ஏ' வரை

அக்கா பெண்ணுக்கு அடுத்த மாசம் கல்லூரி திறக்கிறது. லேப்டாப் வேணும். புதுசு என்றால் ஐம்பதாயிரத்தைத் தாண்டுகிறது. அக்கா கையில் இருப்பது சீட்டு எடுத்த 28,000 ரூபாய். ஆன்லைனில் 'ரீஃபர்பிஷ்டு, கிரேடு ஏ' என்று 22,000-க்கு ஒன்று கிடைக்கிறது. "மாமா, வாங்கலாமா?" என்று அவள் கேட்டு நாலு நாள் ஆச்சு. ஏமாந்தால் அடுத்த வருஷம் வரைக்கும் வேறு பணம் இல்லை.

மயிலாப்பூர்க்காரனுக்குப் பழைய பொருள் ஒன்றும் புதுசில்லை. லஸ் முனை நடைபாதையில் பழைய புத்தகம் வாங்கித்தான் நாங்க படிச்சோம். பிறகு ஏன் இந்தத் தயக்கம்? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

சென்னையின் பழைய பொருள் சந்தை என்றால் மூர் மார்க்கெட்தான். மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயரில், சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் 1900-ல் திறந்தார்கள். புத்தகம், கிராமபோன் தட்டு, கடிகாரம், எல்லாம் கிடைக்கும். அப்பா அங்கே ஒரு கைக்கடிகாரம் வாங்கினார். காதில் வைத்துக் கேட்டு, பின் மூடியைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, பிறகுதான் பேரம். ரசீது கிடையாது. ஆனால் கடைக்காரர் அடுத்த வாரமும் அதே இடத்தில் இருப்பார். அதுதான் வாரண்டி. 1985 மே மாதத் தீயில் மார்க்கெட் போனது. இன்று அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம்.

அடுத்தது பர்மா பஜார். 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்து, பிறகு கடைகண்ணிகளைத் தேசியமயமாக்க, பர்மாத் தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். அவர்கள் பிழைப்புக்காக பீச் ஸ்டேஷன் எதிரே 1969-ல் உருவான கடைவரிசை அது. "டப்பாவைப் பிரிச்சுப் பார்க்காம காசு குடுக்காதே" என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவிலும் அதே பாடம்தான். கடையிலேயே ஆன் பண்ணிப் பார்.

மூன்று இடத்திலும் கண், காது, கை, இவைதான் நமக்குத் துணை. ஆன்லைனில் அது மூன்றும் இல்லை. 'கிரேடு ஏ' என்பது பெரும்பாலும் வெளித்தோற்றத்துக்கான மார்க். அதுவும் விற்பவரே போட்டுக்கொள்வது.

ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளியலாளர் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து இதைத்தான் எழுதினார். விற்பவருக்குக் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் எல்லாரும் குறைந்த விலையே கேட்பார்கள். நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையை விட்டே விலகுவார். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் இவர் ஒருவர். இதற்கு அவர் சொன்ன மாற்றுகளில் ஒன்று வாரண்டி. பழுதானால் நஷ்டம் விற்பவருக்கு என்றால், மோசமான பொருளை அவர் அனுப்பத் தயங்குவார்.

ஆக, கேள்வி 'பழசா புதுசா' இல்லை. 'பழுதானால் யார் பொறுப்பு' என்பதுதான். அப்படிப் பார்த்ததும் 22,000 ரூபாய் மெஷின் விழுந்துவிட்டது. வாரண்டி பற்றிப் பேச்சே இல்லை. பிராசசர் ஆறாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேணும்.

கடைசியில் 26,500-க்கு இன்னொன்று. எட்டாம் தலைமுறை, ஒரு வருஷ வாரண்டி, பத்து நாளில் திருப்பித் தரலாம், சீரியல் நம்பர் போட்ட பில். தகராறு வந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். ஆனால் அதற்கு அந்த பில் வேணும்.

பெட்டி போன வாரம் வந்தது. பிரிப்பதை வீடியோ எடுத்தோம். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் மெஷினில் உள்ளதும் ஒன்றுதானா என்று பார்த்தோம். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுத்தால், புதிதில் இருந்த கொள்ளளவும் இப்போது இருப்பதும் தெரியும்: நூற்றுக்கு எண்பத்தொன்று மிச்சம். கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். திரையின் கீல் மட்டும் கொஞ்சம் லூஸ்.

"பரவாயில்ல மாமா, வச்சுக்கலாம்" என்றாள். இருந்தாலும் பத்தாவது நாள் வரைக்கும் பெட்டியைத் தூக்கிப் போடாதே என்று சொல்லியிருக்கிறேன்.