நாய் கடித்தால் யார் பொறுப்பு?



அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவன் போனில் சொன்னான்: "சார், இங்கே நம்ம வீட்டு நாய் யாரையாவது கடிச்சா, பெரும்பாலும் வீட்டு இன்சூரன்ஸே நஷ்டஈடு கொடுத்துடும்."

என் வீட்டு பாலிசியை எடுத்துப் பார்த்தேன். 2021-இல் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா'. தீ, புயல், வெள்ளம் எல்லாம் உண்டு. நாய்க்கடி இல்லை.

நமக்குக் காப்பீடாக இருந்தது அரசு ஆஸ்பத்திரி ஊசிதான். 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கும் முன், வெறிநாய் கடித்தால் வடக்கே கசௌலி வரை போக வேண்டும். பிறகு ஆட்டு மூளையில் தயாரித்த மருந்து. தொப்புளைச் சுற்றி 14 ஊசி.

1980-களில் திருவொற்றியூரில் என் வகுப்புப் பையன், அந்த ஊசிக்குப் பயந்து கடியை மூன்று நாள் மறைத்தான். நான்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். பிழைத்தான். ஊசி இலவசம். ஆனால் துறைமுகக் கூலியான அவன் அப்பாவுக்குப் பல நாள் கூலி போயிற்று. நாயின் சொந்தக்காரர் ஒரு ரூபாய் தரவில்லை.

1860-இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தில், வளர்ப்புப் பிராணியை அஜாக்கிரதையாக விட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம் ரூ.1,000 வரை. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தபோதுதான் ரூ.5,000 ஆனது. 164 வருடம் அதே ஆயிரம்!

நாய் வளர்ப்பவர்களே, தடுப்பூசி போடுங்கள். பிறருக்கு நேரும் காயத்துக்கும் பணம் தரும் செல்லப்பிராணி பாலிசி இப்போது கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். கடிபட்டவர்கள் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்குப் போங்கள். இப்போது கையில்தான் போடுகிறார்கள். பிள்ளைகளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.